நாற்பத்தோராவது பலகை

கோபுரம் வரை மூன்று கிலோமீட்டர்.
நேற்றிரவு வரைபடத்தில் என் விரல்
மூச்சு வாங்காமல் போய்த் திரும்பியது.

இன்று தார்ட்டுவிலிருந்து ஒரு மணி நேரம்.
வழியில் லென்னா ஒருமுறை வாந்தி,
தாவி ஒன்பது முறை "வந்தாச்சா?"
பையில் கறுப்பு ரொட்டி, வேகவைத்த முட்டை,
மாற்றுக் காலுறை ஆளுக்கு இரண்டு.
கொசு மருந்தைக் காரிலேயே மறந்தோம்.

சதுப்பின் மேல் நீளும் பலகைப் பாதை.
தண்ணீரா தரையா என்று
தனக்கே இன்னும் முடிவாகாத நிலம்.
"பலகையை விட்டு யாரும் இறங்கக் கூடாது"
ரைவோ சொல்லி முடிப்பதற்குள்
சளக்.
தாவியின் இடது பூட்ஸ்
காலைக் கழற்றிவிட்டுப் பாசியில் நின்றது,
தனியாக,
பேருந்துக்குக் காத்திருப்பதுபோல.

பதினோராம் பலகையில் ஓர் எறும்பு.
செத்த தும்பியின் இறக்கை ஒன்றைத்
தூக்கிப் பிடித்துப் போகிறது.
காற்று ஒரு பக்கம் தள்ள
அது ஒரு பக்கம் இழுக்க
பின்னால் நாங்கள் நால்வர்,
எறும்பின் வேகத்தில்.
ஊன்றுகோல்களோடு இரண்டு பெண்கள்
"மன்னிக்கணும்" என்று கடந்தார்கள்.
பிறகு ஒரு நாய்.
பிறகு, சிவப்புத் தொப்பி போட்ட எழுபது வயதுக்காரர்.
நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

இருபத்தேழில், பாதையின் ஓரத்தை ஒட்டி ஒரு பைன்.
வயது நூற்றுப் பத்து என்றது அறிவிப்பு.
தாவி அதற்கு முதுகைக் கொடுத்து நின்று
"யாரு பெருசு?"
நீதான். இரண்டு விரல் கூட.
நம்ப முடியாமல் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.
நூற்றுப் பத்து வருடமாகப் பட்டினியா என்று கேட்டான்.
தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து
வேரடியில் வைத்தான்.
உணவு போடக் கூடாது என்ற வரியை
ரைவோ தன் முதுகால் மறைத்து நின்றான்.

நாற்பத்தொன்றில் அழுகண்ணி.
நகக்கண் அளவு சிவந்த இலை,
மயிர்தோறும் ஒரு துளி,
துளிதோறும் ஒரு குட்டிச் சூரியன்.
அதில் ஒரு கொசு ஒட்டிக் கிடந்தது.
கால்களை உதறியது.
இலைக்கு அவசரமே இல்லை.

"காப்பாத்தும்மா" என்றாள் லென்னா.
"அது செடியோட சாப்பாடு" என்றான் தாவி.
"கொசுவோட அம்மா தேடும்."
"செடிக்குப் பசிக்காதா?"
இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

யோசிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.
அப்போதுதான் இன்னொன்று
என் கழுத்தில் வந்து உட்கார்ந்தது.
கை தானாக அடித்துவிட்டது.

லென்னா என் உள்ளங்கையைப் பிரித்துப் பார்த்தாள்.
ஒரு பொட்டுச் சிவப்பு.
"இது யாரோட ரத்தம்?"
என்னுடையதாக இருக்கலாம்.
உன்னுடையதாகவும்.

பெயரளவில் அழுகிற செடிக்கு முன்னால்
அவள் நிஜமாகவே அழுதாள்.
அந்தச் சத்தத்தில்
தாவி ஒரு புல்லைக் கிள்ளிக் குந்தி
கொசுவை மெல்ல நெம்பினான்.
ஒரு கால் மட்டும் தனியே வந்தது.
யாரும் பார்க்கவில்லை என்று நிமிர்ந்தவன்
என் கண்ணில் முட்டினான்.
இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை,
இதுவரை.

அங்கேயே உட்கார்ந்து முட்டை உரித்தோம்.
தூரத்தில் கொக்குகள் கத்தின,
துருப்பிடித்த கதவை யாரோ
வேண்டுமென்றே மெதுவாகத் திறப்பதுபோல.
தீக்குச்சி உயரத்தில் கோபுரம்.
அதன் உச்சியில் ஒரு சிவப்புப் புள்ளி.
மூக்கு ஒழுக, வாய் நிறைய மஞ்சள் கரு,
லென்னா அந்தப் புள்ளிக்குக் கையசைத்தாள்.
புள்ளியும் அசைத்தது என்று சாதிக்கிறாள்.

திரும்பும் வழியில் பலகைகளை எண்ணியது அவள்தான்.
ஒன்று, இரண்டு, மூன்று, பதினேழு.

பின்னிருக்கையில் இருவரும் தூங்கிப் போனார்கள்.
"எவ்வளவு நடந்திருப்போம்?" என்றான் ரைவோ.
பலகைக்கு நான்கு மீட்டர்.
மனசுக்குள் பெருக்கினேன்,
சொல்லவில்லை.
வளைவு திரும்பும்போது
கொசு மருந்து டப்பா
உருண்டு வந்து என் காலில் இடித்தது.